பெயரும் முகவரியும்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வட்டத்தில், பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்துள்ள ஊர்களுள் காட்டூர் ஒன்று. ஏரியும் கடலும் கலக்கும் அந்நிலப்பகுதியில் பலர்க்குப் படகே வாழ்வு. புதிய படகு நீரில் இறங்கும்போது அதற்குப் பெயர் சூட்டுவர். குலதெய்வத்தின் பெயரைச் சூட்டுவாரும் உண்டு. மகளின் பெயரைச் சூட்டுவாரும் உண்டு. திரைப்பட நடிகரின் பெயரை வண்ண எழுத்தால் தீட்டி மகிழ்வாரும் உண்டு. அஃது உரியவரின் உள்ளத்து விருப்பம். அதனைக் குறை கூறுவார் இல்லை. ஆயினும், அரசின் மீன்வளத்துறை அப்படகை அறிவது பதிவெண்ணால் அன்றோ? வண்ணப்பெயர் கரையில் நிற்கும் உறவினர்க்கு; பதிவெண் அக்கரையைக் கண்டறியாத அலுவலர்க்கு.

மக்களுக்கும் இவ்வாறே இருவகைப் பெயர்கள் உள்ளன. ஒரே குப்பத்தில் முருகன் என்னும் பெயருடையார் ஐவர் இருப்பின், பட்டப்பெயரின்றி அவர்களைப் பிரித்தறிதல் அரிது. ஒருவர் நெட்டை முருகன். மற்றொருவர் நண்டு முருகன். ஊருக்குள் இப்பெயர்கள் இழிவானவை அல்ல. பழக்கத்தின் நெருக்கத்தைக் காட்டுபவை. ஊர் எல்லையைக் கடந்தவுடன்தான் இவற்றின் பொருள் மாறிவிடுகிறது.

இன்று அவ்வூர்களின் இளைஞர்கள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும், எண்ணூர்ப் பக்கத்துத் துறைமுகத்துக்கும், அரசுப் பணிகளுக்கும் விண்ணப்பிக்கின்றனர். விண்ணப்பத்தில் பெயர், பிறந்த நாள், கல்வித் தகுதி ஆகியவற்றோடு மின்னஞ்சல் முகவரியும் கேட்கப்படுகிறது. மதிப்பெண்களை மும்முறை சரிபார்க்கும் மாணவர் பலர், இந்த ஒரு கட்டத்தை மட்டும் நொடிப்பொழுதில் நிரப்பிவிட்டு அப்பால் செல்கின்றனர்.

இம்முகவரி தோன்றிய வரலாறு நெடியது அன்று. 1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் என்பவர், ஒரு கணிப்பொறியில் இருப்பவர் மற்றொரு கணிப்பொறியில் இருப்பவர்க்குச் செய்தி அனுப்பும் வழியைக் கண்டார். பெறுபவரின் பெயரையும் அவருக்குரிய பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட அவருக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. வணிகர் தம் கணக்கில் விலை குறிக்க எழுதிவந்த @ என்னும் குறியை அவர் தேர்ந்தெடுத்தார். அக்குறிக்கு முன் நிற்பது ஆளின் பெயர். பின் நிற்பது அவர் அஞ்சல் தங்கும் இல்லம். தமிழ்நாட்டில் ஒருவரை இன்னார் என்று அறிய ஊரும் பேரும் கேட்பது வழக்கம். டாம்லின்சன் கேட்டதும் அவையே, வரிசைதான் வேறு.

1996ஆம் ஆண்டில், பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவர் நண்பர் ஜேக் ஸ்மித்தும் ஹாட்மெயில் என்னும் இலவச அஞ்சலைத் தொடங்கினர். 2004இல் கூகுள் நிறுவனத்தின் ஜிமெயில் வந்தது. முகவரி இலவசமாயிற்று, @ குறிக்கு முன் நிற்கும் பெயரை அவரவரே சூட்டிக்கொள்ளும் உரிமையும் கிடைத்தது. அவ்வுரிமையைச் சிறுவர்கள் படகுக்குப் பெயர் சூட்டுவாரைப் போலவே பயன்படுத்தினர். ‘கடல்ராஜா’ என்று ஒருவன்; ‘கனவுப்புறா’ என்று ஒருத்தி; நடிகரின் பெயரோடு 007 சேர்த்து வேறொருவன். பதின்மூன்று வயதில் நண்பர்க்காகச் சூட்டிய அப்பெயர், இருபது வயதில் வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அலுவலரின் மேசைக்குப் போய்ச் சேர்கிறது.

அவ்வலுவலர் விண்ணப்பித்தவரின் முகத்தைக் கண்டதில்லை; குரலைக் கேட்டதில்லை. அவர்முன் இருப்பவை எழுத்துக்களே. விளையாட்டுப் பெயர் அவர் மனத்தில் என்ன எண்ணத்தை உண்டாக்கும் என்பதை நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் சிலர் ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டனர். பழவேற்காட்டில் 1613ஆம் ஆண்டு கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய டச்சுக்காரரின் நாடே அது. ஆள் தேர்வில் பழகியவர்களிடம் புனைந்தெழுதிய தன்விவரக் குறிப்புகளைக் கொடுத்து அவர்கள் கருத்தைக் கேட்டனர். விளையாட்டு முகவரி கொண்ட குறிப்புகள், எழுத்துப்பிழை மலிந்த குறிப்புகளுக்கு ஒப்பாக மதிப்பிழந்தன. உள்ளே எழுதிய தகுதியை முகவரி மாற்றவில்லை. தகுதியைப் படிக்கும் கண்ணையே மாற்றிவிட்டது. இது நேர்மையான மதிப்பீடா என்று கேட்டால், முற்றிலும் நேர்மையானது என்று சொல்ல இயலாது. எனினும் விண்ணப்பிப்பவர் எளிதில் நீக்கக்கூடிய தடை இது. தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற ஓராண்டு உழைக்க வேண்டும். முகவரியை மாற்றப் பத்து நிமிடம் போதும்.

டச்சுக்காரர் பெயர் வந்ததால் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. பழவேற்காடு என்னும் ஊர்ப்பெயர் அயலார் நாவிலும் ஏட்டிலும் திரிந்து ‘புலிகாட்’ ஆயிற்று. தமிழ்ப்பெயரை உரோமன் எழுத்தில் எழுதும்போது நேரும் இடர் இன்றும் அதுவே. கயல்விழி என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். ழகரத்தை ஓர் எழுத்தால் எழுதுவாரும் உண்டு. இரண்டெழுத்தால் எழுதுவாரும் உண்டு. ஈற்றெழுத்தையும் இருவகையாக எழுதலாம். பள்ளிச் சான்றிதழில் ஒருவகை, ஆதார் அட்டையில் ஒருவகை, முகவரியில் மூன்றாம் வகை என்றிருப்பின் மூன்றும் ஒருவர்தாமோ என்னும் ஐயம் எழும். ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே முகவரியிலும் ஆளுதல் நன்று. தலைப்பெழுத்தைப் பெயருக்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்பதற்கும் அச்சான்றிதழே வழிகாட்டி.

அப்பெயரை வேறொருவர் முன்னரே எடுத்துக்கொண்டிருப்பின் என் செய்வது? இதற்கு அஞ்சல்துறையிடம் பாடம் கற்கலாம். தமிழ்நாட்டில் காட்டூர்கள் பல. திருச்சிராப்பள்ளியில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று, திருவாரூருக்கு அருகில் ஒன்று. இத்தகைய மயக்கத்தைத் தீர்க்கவே 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. மின்னஞ்சலில் தலைப்பெழுத்தை விரித்துத் தந்தையின் அல்லது தாயின் பெயரை முழுமையாகச் சேர்க்கலாம், ஊர்ப்பெயரையும் சேர்க்கலாம். காட்டூர் என்னும் பெயர் விண்ணப்பத்தில் இருத்தல் எவ்வகையிலும் குறைவன்று. பிறந்த நாளைச் சேர்ப்பதே தவிர்க்கத்தக்கது. கடவுச்சொல்லை ஊகித்துத் திருட முயல்வார்க்கு அது துணையாகிவிடும். எண் சேர்த்தே ஆகவேண்டுமெனில் சுழியும் ஒன்றும் வேண்டா. சுழி ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தாகவும், ஒன்று ‘எல்’ என்னும் எழுத்தாகவும் தோன்றி மயக்கும். அடிக்கோடும் அத்தகையதே, முகவரிக்குக் கீழே கோடிட்டு அச்சிடும்போது அது மறைந்துவிடும். தொலைபேசியில் ஒருமுறை சொன்னவுடன் மறுமுனையில் இருப்பவர் பிழையின்றி எழுதிக்கொள்ள வேண்டும். அதுவே நல்ல முகவரிக்கு உரைகல். ஊர்த் தபால்காரர் தவறான கதவெண்ணைக் கண்டாலும் ஆளை அறிந்து கடிதத்தைக் கொடுத்துவிடுவார். கணிப்பொறிக்கு அக்கருணை இல்லை. ஓரெழுத்து மாறினும் மடல் திரும்பிவிடும், அல்லது அயலார் கைக்குப் போய்விடும்.

அயலார் கைக்குப் போவதுதான் இப்பொருளில் மிகவும் அஞ்சத்தக்கது. அது நிகழ எழுத்துப்பிழையும் வேண்டுவதில்லை. இல்லத்தில் கணிப்பொறி இல்லாத மாணவர் கணினி மையத்துக்குச் சென்று விண்ணப்பிக்கின்றனர். வரிசையில் பலர் நிற்பர், நேரம் குறுகியிருக்கும். முகவரி இல்லை என்று மாணவர் சொன்னவுடன், மையத்தார் தம் முகவரியையே எழுதிவிடுவதும் உண்டு. புதிய முகவரி ஒன்றைப் படைத்து, கடவுச்சொல்லைத் தாமே இட்டு, மீட்பு எண்ணாகத் தம் கைப்பேசி எண்ணைக் கொடுப்பதும் உண்டு. அவர்கள் உதவி செய்யும் எண்ணத்தோடு செய்வதே அது. மாணவர் ஒப்புகைச் சீட்டோடு வீடு திரும்புவார். வாரங்கள் கழிந்தபின் தேர்வுக்கூடச் சீட்டு பற்றிய செய்தியோ, சான்றிதழ் சரிபார்ப்புக்கான அழைப்போ வரும். வருவது அம்முகவரிக்கு, திறவுகோலோ மையத்தில். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் விண்ணப்பிப்போர் முதலில் செய்யும் ஒருமுறைப் பதிவுக்கு மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் இன்றியமையாதன. அழைப்புகளும் அவற்றின் வழியே வருகின்றன. வீட்டுத் திண்ணையில் தபால்காரரை எதிர்நோக்கியிருக்கும் தந்தைக்கு, மகளின் அழைப்பு வந்து நாள் கடந்துபோன செய்தியும் தெரியாது.

ஆதலின் முகவரியை மாணவரே படைத்தல் வேண்டும். கடவுச்சொல் அவர் ஒருவரே அறிந்ததாகவும், மீட்பு எண் தம் வீட்டாருடையதாகவும் இருத்தல் வேண்டும். நெடுநாள் பணம் செலுத்தாது விட்ட கைப்பேசி எண் பிறர்க்கு ஒதுக்கப்படுவதுண்டு; எண் மாறினால் கணக்கிலும் மாற்றிவிட வேண்டும். இரண்டாண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் வழக்கத்தைக் கூகுள் நிறுவனம் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. வேலைக்கென ஒருமுறை படைத்து மறந்த முகவரி அழிந்துபோகலாம். கல்லூரி தரும் முகவரி அழகியதாயினும், படிப்பு முடிந்தபின் அது நிலைக்கும் என்று நம்புதல் அரிது. வந்த மடல் சிலவேளை எரிதப் பெட்டியில் ஒதுங்கிக் கிடக்கும். அங்கும் பார்த்தல் வேண்டும். பழைய விளையாட்டு முகவரியைத் துறக்கவும் தேவையில்லை. நண்பர்க்கு அது இருக்கட்டும்; படகின் வண்ணப்பெயரை யாரும் அழிப்பதில்லையே.

காட்டூரில் ஒரு கயல்விழி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பணிக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். முதல்நாள் மாலையே தாயின் கைப்பேசியில் தன் பெயராலும் தந்தை பெயராலும் முகவரி ஒன்றைப் படைக்கிறாள். சான்றிதழை அருகில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறாள். அம்முகவரியிலிருந்து தன் தமிழாசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்புகிறாள். இரவு உணவுக்குப்பின் அவரிடமிருந்து விடை வருகிறது. மறுநாள் கணினி மையத்துக்குச் சென்று, அந்தக் கட்டம் வந்தவுடன், விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பித் தரும்படி கேட்கிறாள்.