ஒரே அறை, அழகான வீடு

வீட்டை அழகாக்க நிறைய பணம் வேணும்னு நினைக்கிறோம். அது தவறு. எங்கள் வீடு ஒரே அறைதான். ஐந்து பேர் இருக்கிறோம். எனக்குன்னு படிக்க இடமே இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிச்சப்போ ஒரு வழி கிடைத்தது.

1. சுண்ணாம்பு: சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் பெரியவர்கள்தான் கரைக்க வேண்டும். சுவரில் அடித்ததும் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து 2, 3 நாட்களில் கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதனால்தான் சுவர் பளிச்சென்று இருக்கிறது. துளி நீலம் கலந்தால் இன்னும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தை எதிரொளிக்கும். அறையும் பெரிசா தெரியும்.

2. மூலை: வலது கையால் எழுதுபவர்கள், ஜன்னல் இடது பக்கம் வருமாறு உட்காரணும். அப்போதுதான் கை நிழல் நோட்டில் விழாது.

3. திரை: பழைய சேலையைக் கொடிக்கயிற்றில் போட்டால் போதும்.

"பொண்ணுக்கு எதுக்கு தனி இடம்?" என்று அப்பா கேட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. தன் டிரங்குப் பெட்டியை ஜன்னலோரம் நகர்த்தி, "இதான் உன் மேசை" என்றார். இந்தக் கட்டுரையை அதன் மேல் வைத்துத்தான் எழுதினேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு மூலை இருக்கும். தேடிப் பாருங்கள்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி