பாடசாலை அணியா, விளையாட்டுக் கழகமா?

கல்வி ஏட்டோடு முடிவதன்று என்பதை அறியாதார் இலர். ஆயினும் விளையாட்டுத் திறமை ஒரு பெண்ணுக்குக் கலாசாலையின் வாயிலைத் திறந்துவிடக்கூடும் என்பதை நம் கடற்கரைக் குடும்பங்களுள் அறிந்தோர் சிலரே. அறிந்தவர்க்கும் ஓர் ஐயம் எழுகின்றது. கலாசாலைப் பிரவேசத்தை நாடும் பெண் தன் பாடசாலை அணியை நம்புவதா, ஊர்ப்புறத்து விளையாட்டுக் கழகத்தை நம்புவதா என்பதே அது. இதனை ஒருவாறு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறுமுகநேரியில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாய்க்குப் பத்தாம் வகுப்பில் பயிலும் மகள் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாலிபால் ஆட்டத்தில் அவள் வல்லவள். பாடசாலை அணியில் ஆடினால், மாலை மணி அடித்தபின் ஒரு மணி நேரம் பயின்று பொழுது சாயுமுன் வீடு திரும்பலாம். தூத்துக்குடியிலுள்ள கழகம் ஒன்றில் சேர்ந்தாலோ, வாரந்தோறும் பஸ் சத்தம் வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். துணைக்குச் செல்லும் தாய்க்கு ஒரு நாட்கூலி போகும். ஆகவே இவ்வினா அக்குடும்பத்திற்கு வெறும் விளையாட்டன்று.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதுமன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் லாக்ரோஸ் என்னும் ஆட்டம் உண்டு. நுனியில் வலை கட்டிய கோலால் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படுவது அது. வட அமெரிக்கப் பழங்குடி மக்களே அதன் கர்த்தாக்கள். பெண்கள் அதனை முறையாக ஆடத் தொடங்கியது 1890-இல், ஸ்காத்லாந்து தேசத்துச் செயின்ட் லியனார்ட்ஸ் பாடசாலையில். கல்வி நிலையங்களில் ஆண் பெண் என்ற வேற்றுமை பாராட்டலாகாதென்று அமெரிக்காவில் 1972-இல் சட்டம் பிறந்தபின், பெண்களின் ஆட்டங்களுக்கும் கலாசாலைகளில் உபகாரச் சம்பளம் பெருகலாயிற்று. அங்கே பாடசாலை அணிகள் வசந்த காலத்தில் ஆடுகின்றன; கழகங்களோ கோடையில் பெரும் பந்தயங்கள் கூட்டுகின்றன. ஒரே மைதானத்தில் நூற்றுக்கணக்கான பெண்களைக் காணலாமாதலால், கலாசாலைப் பயிற்சியாளர் கழகப் பந்தயங்களையே பெரிதும் நாடுகின்றனர். மிக இளம் பருவத்திலேயே சிறுமியரை வளைத்துப் பிடிக்கும் வழக்கம் மிகுந்தமையால், பதினோராம் வகுப்பின் செப்டம்பர் முதல் நாளுக்கு முன் பயிற்சியாளர் அவர்களோடு சேர்க்கை குறித்துப் பேசலாகாதென்று 2017-இல் விதி செய்யப்பட்டது. கழகத்திற்கு ஆகும் செலவோ பெரிது, எளியவர் பின்தங்குவர்.

நிற்க. நம் நாட்டில் நிலைமை வேறு. அங்கே கண் தேடுகிறது. இங்கே காகிதம் பேசுகிறது. தமிழ்நாட்டுப் பொறியியற் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்க்கென 500 இடங்கள் ஒதுக்கப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றுள் வரிசையை நிர்ணயிப்பது பெரும்பாலும் சான்றிதழே. கலை, விஞ்ஞானக் கலாசாலைகள் பலவற்றில் தேகப்பயிற்சி இயக்குநர் நேரில் ஆடவிட்டுப் பார்ப்பதும் உண்டு.

சான்றிதழ் இருவகைப்படும். பாடசாலைப் பந்தயங்களின் வழி பெறுவது ஒன்று. குடியரசு தினம், பாரதியார் தினம் ஆகியவற்றின் பெயரால் நடைபெறும் போட்டிகளில் தொடங்கி, மாநிலம் கடந்து, 1954-இல் தோன்றிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் குழுமத்தின் தேசியப் பந்தயம் வரை அவ்வழி செல்கிறது. மற்றொன்று, கழகத்தில் ஆடி, மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், தேசிய சம்மேளனம் எனப் படிப்படியாக ஏறிப் பெறுவது. மத்திய அரசாங்க உத்தியோகங்களுக்குரிய படிவங்களிலும் இவ்விரண்டும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. முன்னதில் கல்வித்துறை அதிகாரியும், பின்னதில் சங்கத்தின் செயலாளரும் கையொப்பமிடுவர்.

பாடசாலையின் நன்மைகள் யாவை? செலவு சுருக்கம், இடம் அண்மை, ஆசிரியர் அவளது படிப்பையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே அறிவர். பெண் வயதடைந்தவுடன் ஆட்டத்தை நிறுத்திவிட நினைக்கும் பெற்றோரைத் தேற்ற வல்லவரும் அவ்வாசிரியரே. குறை யாதெனில், தேகப்பயிற்சி ஆசிரியர் இல்லாத பாடசாலையும், இருந்தும் அந்நேரத்தைக் கணக்கிற்குக் கொடுத்துவிடும் பாடசாலையும் உண்டு. மேலும் பன்னிரண்டாம் வகுப்போடு அவ்வணி அவளுக்கு முடிந்துபோகும்.

கழகம் அப்படியன்று, படிப்பு முடிந்தாலும் அது நிற்கும். தன்னினும் வல்லாரோடு ஆடும் வாய்ப்பை அது தரும். மதுரையின் சேது கால்பந்துக் கழகம் 2019-இல் இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை வென்றது. பெண்களுக்கென ஒரு கழகம் எவ்வளவு உயரலாம் என்பதற்கு அது சான்று. ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அங்கீகாரமற்ற சங்கங்கள் சில, 'தேசியப் போட்டி' என்று பெயரிட்டுப் பணம் வாங்கிச் சான்றிதழ் வழங்குகின்றன. கலந்தாய்வு மேசையில் அத்தாளுக்கு மதிப்பில்லை. நகையை அடகு வைத்துப் பிரயாணம் செய்வித்த தாய்க்கு அந்நாளில் யார் ஆறுதல் கூறுவர்?

மூன்றாவது வழியும் உண்டு. 1992-இல் ஏற்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விடுதிகளில் படிப்பும் பயிற்சியும் ஒருங்கே நடைபெறுகின்றன. நம் மாவட்டத்துக் கோவிற்பட்டி விடுதியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் 2022-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்காக ஆடினர். பெண்களுக்கும் இத்தகைய விடுதிகள் உள்ளன, விண்ணப்பிப்போரே குறைவு.

ஆதலின் நம் முடிவு இது. பாடசாலை வேர், கழகம் கிளை. வேரை வெட்டிக் கிளையை வளர்த்தல் ஆகாது. பத்தாம் வகுப்பு வரை பாடசாலை அணியில் ஊன்றி நிற்க. பின்னர், மாவட்டச் சங்கத்தோடு இணைந்த கழகத்தை விசாரித்தறிந்து சேர்க. ஒவ்வொரு சான்றிதழையும் பத்திரப்படுத்துக. அவ்வாண்டுக்குரிய கையேட்டில் எது செல்லும், எது செல்லாது என்பதை முன்னரே வாசித்தறிக. மதிப்பெண்ணையும் கைவிடற்க, காயம் ஒன்று ஆட்டத்தை நிறுத்தலாம், கற்றதை நிறுத்தாது.

இறுதியாகப் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். ஆறுமுகநேரியிலிருந்து தருவை மைதானத்துக்கு ஒரு பெண்ணும் அவள் தாயும் போய்வரும் பஸ் சத்தம் நம்மிற் பலர்க்குப் பெரிதன்று. அதனை ஓராண்டு ஏற்றுக்கொள்வோர் ஒருவர் இருப்பின், இவ்வாசலில் நுழைவாள் ஒரு மாணவி. பந்தயத்தில் அவள் வெல்லினும் தோற்பினும், அக்குடும்பத்தில் கலாசாலை மிதித்த முதற்பெண் அவளாவாள்.