எல்.ஈ.டி. விளக்குகளும் வலுக் காரணியும்

பண்டாரவளைத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் 100 உவாற்று எல்.ஈ.டி. விளக்குகள் 23 ஒரே சுற்றில் பொருத்தப்பட்டுள்ளன எனக் கொள்வோம். மொத்த வலு 2300 உவாற்று. வழங்கல் 230 வோல்ற்று ஆடலோட்டம். பாயும் மின்னோட்டம் 10 அம்பியர் என உடனே எழுதிவிடாதீர்கள்.

ஆடலோட்டத்தில்,
வலு = வோல்ற்றளவு × மின்னோட்டம் × வலுக் காரணி

வலுக் காரணி 1 எனின் மின்னோட்டம் 10 அம்பியர், 0.5 எனின் 20 அம்பியர். வெளிச்சம் ஒன்றே. ஆனால் கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமன். எனவே அது 4 மடங்காகும். 10 அம்பியருக்கென இட்ட மெல்லிய கம்பியாயின் தீப்பற்றும் அபாயமுண்டு.

கட்டணத்தையும் கவனியுங்கள். வீடுகளுக்கு அலகுக் கணக்கு மட்டுமே. பாரிய கைத்தொழிற்சாலைகளோ கிலோவோல்ற்று அம்பியரில் அளக்கப்படும் உச்சக் கேள்விக்கும் பணம் செலுத்த வேண்டும். மேற்கூறிய விளக்குகளுக்கு அது 2.3 இலிருந்து 4.6 ஆகிறது.

காரணம் என்ன?
1. கொழுந்து உருட்டும் இயந்திரத்தின் மோட்டரில், சுருள்கள் காரணமாக மின்னோட்டம் வோல்ற்றளவுக்குப் பின்தங்கும். கொள்ளளவியைச் சமாந்தரமாக இணைத்து இதைத் திருத்தலாம்.
2. எல்.ஈ.டி. விளக்கினுள் சீராக்கியும் ஒப்பமாக்கும் கொள்ளளவியும் உள்ளன. வோல்ற்றளவு உச்சத்தை அண்மிக்கும்போது மட்டுமே இக்கொள்ளளவி ஏற்றம் பெறுவதால், மின்னோட்டம் குறுகிய துடிப்புகளாகப் பாயும். வெளியே கொள்ளளவி இணைப்பது இதற்குத் தீர்வன்று. விளக்கினுள்ளேயே திருத்தச் சுற்று வேண்டும்.

ஆகவே விளக்கு வாங்கும்போது உவாற்றுடன் வலுக் காரணியையும் பாருங்கள்.

பயிற்சி: வலுக் காரணி 0.8 எனின் மேற்படி சுற்றின் மின்னோட்டம் யாது?
விடை: 12.5 அம்பியர்