மேலெழுதப்பட்ட ஸ்கிரிப்டைச் சோதித்தல்

கணினிக்குரிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைப்பதே ஸ்கிரிப்ட் எனப்படும். மழையளவுகளைக் களக்கருவியிலிருந்து அலுவலகக் கணினிக்குப் படியெடுத்து, பின்னர்க் கருவியில் உள்ளவற்றை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். படியெடுத்தல் தவறிய பின்னும் அழித்தல் நடைபெறுமாயின், அந்த அளவுகளை மீண்டும் பெறுதல் இயலாது. ஆகவே, இத்தகைய ஸ்கிரிப்டில் மாறுதல் செய்வோர் அதனைச் சோதிக்கும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

நிக்ஸ் என்பது மென்பொருள்களை அமைத்து நிறுவும் ஒரு சாதனம். இதனை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003-இல் தொடங்கினார். 2006-இல் இதன் கோட்பாட்டைத் தம் ஆய்வேட்டில் விளக்கினார். கணிதத்தில் ஒரு சார்புக்கு ஒரே உள்ளீட்டைத் தந்தால் ஒரே விடை கிடைப்பதை நாம் அறிவோம். நிக்ஸின் அடிப்படையும் அதுவே. ஒவ்வொரு மென்பொருளும் அதன் உள்ளீடுகளிலிருந்து கணக்கிடப்பட்ட 32 எழுத்துக் குறியீட்டைத் தாங்கிக் களஞ்சியத்தில் வைக்கப்படுகிறது.

ஸ்கிரிப்டுகளை அமைப்பதற்கு நிக்ஸில் துணைச் சார்புகள் உண்டு. அவற்றுள் ஒன்று ரைட்ஷெல்அப்ளிகேஷன் என்பது. பெயரையும் கட்டளைகளையும் தந்தால், அது தானாகவே தலைப்பில் மூன்று காப்புகளைச் சேர்க்கும். முதலாவது, ஒரு கட்டளை தவறினால் அங்கேயே நிற்பது. இரண்டாவது, மதிப்புத் தரப்படாத மாறியைப் பிழையெனக் கொள்வது. மூன்றாவது, குழாய்த் தொடராக இணைந்த கட்டளைகளுள் எது தவறினும் முழுத்தொடரும் தவறியதாகக் கருதுவது. இறுதியில் ஷெல்செக் என்னும் கருவியால் ஸ்கிரிப்ட் பரிசீலிக்கப்படும்.

அமைந்த ஒன்றை முழுதும் திரும்ப எழுதாமல், அதன் ஒரு கூற்றை மட்டும் மாற்றிப் புதியதொன்றைப் பெறுவதை மேலெழுதுதல் என்பர். இங்குதான் இரு பிழைகள் நேரக்கூடும்.

முதலாவது, பெயரைப் பற்றியது. துணைச் சார்பு கோப்பின் பெயரை முன்னரே முடிவு செய்துவிட்டிருந்தால், பின்னர்ப் பெயரை மேலெழுதினும் களஞ்சியக் குறியீடு மட்டுமே மாறும். உள்ளிருக்கும் கோப்பு பழைய பெயரையே தாங்கி நிற்கும். குறியீடு மாறியது என்பது உள்ளீடு மாறியதற்கே சான்று; விரும்பிய பயன் விளைந்ததற்குச் சான்றன்று.

இரண்டாவது, இதனினும் கொடியது. காப்புகள் கட்டளைகளோடு ஒரே உரையாக இணைக்கப்பட்ட பின் அவ்வுரையை மேலெழுதினால், காப்புகளும் உடன் நீங்கிவிடும். புதிய உரையின் முதல் வரி முறையாக இருப்பின் ஷெல்செக்கும் குறை கூறாது; ஏனெனில் அக்காப்பு வரிகள் இருந்தே தீரவேண்டுமென்று அது வற்புறுத்துவதில்லை. அமைப்புப் பணி வெற்றியுடன் முடியும். நமது மழையளவு ஸ்கிரிப்டோ காப்பின்றி நிற்கும்.

ஆதலின் சோதனை நான்கு படிகளாக அமைதல் நன்று.

1. எதனையும் மாற்றாத வெறும் மேலெழுதலைச் செய்க. களஞ்சியக் குறியீடு முன்போலவே இருத்தல் வேண்டும்.

2. பெயரை மேலெழுதிக் கோப்பின் பெயரைக் கண்டு உறுதி செய்க.

3. உரையை மேலெழுதுக. வேண்டுமென்றே தவறும் ஒரு கட்டளையை முதலிலும், ஒரு சொல்லை அச்சிடும் கட்டளையை அடுத்தும் வைத்து இயக்குக. அச்சொல் திரையில் தோன்றினால் காப்பு நீங்கிவிட்டது என்று அறிக.

4. இலக்கணப் பிழையுள்ள உரையைத் தருக. அமைப்புப் பணி தோல்வியுறவேண்டும். தோல்வியே இங்கு வெற்றியாகும். இவ்வாறு தோல்வியை எதிர்நோக்கும் சோதனைக்கென நிக்ஸ் தொகுப்பில் தனித் துணைச் சார்பு உண்டு.

ஆசிரியர்கள் மூன்றாம் படியை வகுப்பில் செய்து காட்டலாம். முதலில் காப்புடனும், பின்னர்க் காப்பின்றியும் அதே ஸ்கிரிப்டை இயக்கி, வேறுபாட்டை மாணவரே கூறுமாறு செய்க. மாற்றியது மாறியதா என்று மட்டும் பார்த்தல் போதாது. மாறக்கூடாதது மாறாமல் நிற்கிறதா என்றும் பார்த்தலே முழுமையான சோதனை என்பது அவர்களுக்கு விளங்கும்.