ஒரே ஐ ஷேடோ, இரண்டு தோற்றம்

கேள்வி: அலுவலகத்துக்கும் கல்யாண வரவேற்புக்கும் தனித்தனி ஐ ஷேடோ பெட்டி வாங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. தோற்றத்தை மாற்றுவது நிறத்தைவிட, அது ஒளியை என்ன செய்கிறது, இமையில் எங்கே படுகிறது என்பதுதான். மினுமினுப்பில்லாத மேட் பழுப்பு நிழல்போல் அடங்கி நிற்கும். இமை மடிப்பில் மெல்லத் தேய்த்தால் அலுவலகத்துக்கு அது போதும். அதையே வெளி ஓரத்தில் அழுத்திப் பூசி, மினுமினுப்புத் தரும் மைக்கா கலந்த செம்பு நிறத்தை இமை நடுவில் விரலால் ஒற்றினால், வரவேற்பு விளக்கில் கண் எடுப்பாகிவிடும். (மினுக்கு நிறங்களுக்குத் தூரிகையைவிட விரலே மேல்.) மாநிறத்தில் எதுவும் எடுபடாதே என்பார்கள். எடுபடாதவை பெரும்பாலும் வெளிர் நிறங்கள். வெண்மைக்காக அவற்றில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு சாம்பல் பூத்ததுபோல் காட்டும். செம்பு, மெரூன், கத்தரிப்பூ நிறங்கள் பிரமாதமாகவே பொருந்தும். வியர்வையில் ஐ ஷேடோ மடிப்போரம் திரண்டுவிடும் என்பது நியாயமான கவலைதான். அதற்கு வாங்க வேண்டியது ஐ ஷேடோவுக்கு முன் இமையில் பூசும் பிரைமர், இன்னொரு பெட்டியல்ல.