கேபலா, ஸ்டாக்கா?

ஹாஸ்கெலில் புராஜெக்ட் தொடங்குகிறவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது பில்ட் டூல்: கேபலா, ஸ்டாக்கா என்பது. இதுபற்றிப் புழங்கும் அறிவுரைகளில் சில, பத்தாண்டுக்கு முந்தைய நிலைமையைச் சொல்பவை. அவற்றை நம்பி நல்ல கருவியை ஒதுக்கிவிடக் கூடாது.

நம்பிக்கை: ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பிறகு மாற முடியாது.

உண்மை: கேபல் என்றே பெயருள்ள ஒரே லைப்ரரியின் மேல்தான் இரண்டு கருவிகளும் நிற்கின்றன. மாட்யூல்கள், தேவையான பேக்கேஜ்கள் ஆகிய விவரங்களை இரண்டும் அதே கேபல் கோப்பிலிருந்து படிக்கின்றன. மாறுவதற்கு நிரலைத் திருத்த வேண்டியதில்லை.

நம்பிக்கை: கேபலைத் தொட்டால் பேக்கேஜ்கள் ஒன்றையொன்று உடைக்கும்.

உண்மை: ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. புதிதாக ஒன்றை நிறுவினால் பழையது மறுபடி கட்டப்படும். அதை நம்பியிருந்தவை முறியும். 2019இல் வந்த கேபல் 3.0 முதல் புதிய முறையே இயல்பானது. ஒவ்வொரு பேக்கேஜும் அதன் வெர்ஷன், அமைப்பு, சார்புகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஹாஷின் பெயரில் தனியே சேமிக்கப்படுகிறது. பல வெர்ஷன்கள் அருகருகே இருக்கலாம். வெர்ஷன் வரம்புகள் ஒத்துப்போகாவிட்டால் பிழைச்செய்தி இன்றும் வரும்; ஆனால் ஏற்கெனவே நிறுவியது கெடாது.

நம்பிக்கை: எல்லாக் கணினிகளிலும் ஒரே வெர்ஷன்கள் வேண்டுமென்றால் ஸ்டாக் மட்டுமே வழி.

உண்மை: இதில் ஸ்டாக்குக்கு இயல்பிலேயே பலம் உண்டு. ஸ்டாக்கேஜ் ஸ்னாப்ஷாட் ஒன்றைக் குறிப்பிட்டால், கம்பைலர் வெர்ஷனும், ஒன்றாகச் சேர்ந்து கம்பைல் ஆவதாகச் சோதிக்கப்பட்ட பேக்கேஜ் தொகுப்பும் நிலைபெறும். கேபலில் வெர்ஷன்களைச் சால்வர் தேடித் தேர்வதால், ‘கேபல் ஃப்ரீஸ்’ கட்டளையை நாமே இயக்கி, உருவாகும் கோப்பைக் கிட்டில் சேர்க்க வேண்டும். கம்பைலர் வெர்ஷனையும் தனியே குறித்துவைக்க வேண்டும்.

நம்பிக்கை: பில்ட் டூல் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும்.

உண்மை: சி மொழி லைப்ரரிகளை நம்பும் பேக்கேஜ்களுக்கு, அந்த லைப்ரரிகளைப் பொதுவாக இயங்குதளத்தின் வழியாக நாமே நிறுவ வேண்டும். போஸ்ட்கிரெஸ் இணைப்பு இதற்குத் தெளிவான உதாரணம்.

ஆக, வெர்ஷன்களை யார் முடிவுசெய்வது என்பதே தேர்வின் மையம். பல கம்பைலர் வெர்ஷன்களில் ஓட வேண்டிய லைப்ரரியை, ஹாஸ்கெலின் பொதுப் பேக்கேஜ் களஞ்சியமான ஹேக்கேஜில் வெளியிடுகிறவருக்குக் கேபல் பொருந்தும். சோதித்த தொகுப்பை வைத்துச் செயலி எழுதும் குழுவுக்கு ஸ்டாக் எளிது. எதை எடுத்தாலும், குழு முழுவதும், தானியங்கிச் சோதனை (சிஐ) உட்பட, அதையே பயன்படுத்துங்கள். பெரும்பாலான குழப்பம் அங்கேயே தீரும்.