வீட்டில் குரல் பதிவுக்கு எந்த ஹெட்போன்?

குரல் பதிவின்போது பாடகர் அணியும் ஹெட்போனுக்கு முதல் வேலை இனிமையாக ஒலிப்பது அல்ல; காதுக்குள் ஒலிப்பது மைக்குக்குப் போகாமல் தடுப்பது. பாடுபவரின் காதுக்கும் மைக்குக்கும் இடையே இரண்டு சாண் தூரம்கூட இருக்காது. வீட்டுப் பதிவில் பெரும்பாலோர் பயன்படுத்தும் கண்டென்சர் மைக்குக்கு அந்தத் தூரத்திலிருந்து கசியும் மெல்லிய ஒலியும் நன்றாகக் கேட்கும். ஒலித்தரத்தைப் பார்த்து ஹெட்போன் வாங்கிவிட்டு, பிறகு கசிவோடு போராடுகிறவர்களே அதிகம்.

எல்லாக் கசிவும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. கரோக்கே ட்ராக் லேசாகக் கசிந்தால், இறுதிக் கலவையிலும் அதே ட்ராக் இருப்பதால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் பிறகு வேகத்தையோ சுருதியையோ மாற்றினாலும், பின்னணி இசையையே வேறாக அமைத்தாலும் பழைய ட்ராக்கின் நிழல் குரலுக்கு அடியில் தெரியும். தம்பூரா ஒலி அதைவிடச் சாது; ஆனால் பதிவில் வேறொரு தம்பூரா சேர்க்கப்பட்டு, இரண்டுக்கும் சுருதியில் நூலிழை வித்தியாசம் இருந்தால் அலையடிக்கும். மிக மோசமானது தாளத்துக்காக வைக்கும் க்ளிக். இறுதிப் பாடலில் அது எங்குமே இருக்கப்போவதில்லை. வாத்தியங்கள் அடங்கி, குரல் மட்டும் நீளும் இடத்தில் 'டிக் டிக்' என்று தனியாகக் கேட்கும். அதை நீக்க எளிய வழியும் இல்லை.

இதனால் திறந்த வகை ஹெட்போன்கள் முதலிலேயே தள்ளுபடி. அவற்றின் வெளிப்புறத்தில் சல்லடை இருக்கும். உள்ளே ஒலிப்பதில் பெரும்பங்கு அறைக்குள்ளும் பரவும். அரைத்திறப்பு வகையில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். ஏ.கே.ஜி கே240, சாம்சன் எஸ்.ஆர்.850 ஆகியவை விலை குறைந்தவை, பெயர் பெற்றவை, 'ஸ்டுடியோ' என்ற அடைமொழியோடு விற்கப்படுபவை. கலவை செய்யவும் கேட்டு ரசிக்கவும் அவை நல்லவைதான். மைக்கின் முன் நிற்கும்போது அவையும் கசியும். குரல் பதிவுக்கு வேண்டியது முழுவதும் மூடிய, காதைச் சுற்றி உட்காரும் வகை.

ப்ளூடூத் ஹெட்போன் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் இந்த வேலைக்கு உதவாது. கம்பியில்லாமல் வரும் ஒலி பொதுவாக 100 மில்லி விநாடிக்கு மேல் தாமதமாகக் காதை அடைகிறது. தன் குரலையே அத்தனை தாமதத்தில் கேட்டபடி யாராலும் தாளத்தோடு பாட முடியாது. கம்பி வைத்த ஹெட்போனிலும் கணினி வழியாகச் சுற்றி வரும் குரலுக்குச் சிறு தாமதம் உண்டு: 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கே 5 மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். அதைத் தீர்ப்பது ஹெட்போன் அல்ல. மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் உள்ள, குரலைக் கணினியைச் சுற்றாமல் நேரே காதுக்கு அனுப்பும் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான். இரைச்சல் நீக்கும் வசதியும் இங்கே வீண் செலவு. அது வெளி இரைச்சலைக் காதுக்குக் குறைக்குமே தவிர, மைக்குக்குப் போகும் கசிவைத் தடுக்காது.

மூடிய வகையில் கைக்கெட்டும் விலையில் நான்கு மாடல்கள் அடிக்கடி பேசப்படுகின்றன. அவற்றில் விலை குறைந்தது ஆடியோ-டெக்னிக்கா ஏ.டி.எச்-எம்20எக்ஸ். 40 மி.மீ. ஒலிப்பான், 47 ஓம், 3 மீட்டர் கம்பி, 190 கிராம் எடை. குஷன் ஆழமில்லாததால் பெரிய காது உள்ளே இடிக்கும், ஒலித்தடுப்பும் சுமார்தான். ஆனாலும் முதல் ஹெட்போனாக இது போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல மைக் ஸ்டாண்டும் பாப் ஃபில்டரும் வாங்கலாம். பதிவின் தரத்துக்கு அவை செய்யும் உதவி அதிகம். இதே வரிசையில் அடுத்தடுத்து வரும் எம்30எக்ஸ், எம்40எக்ஸ் ஆகியவற்றில் இரண்டாவதைத்தான் கவனிக்க வேண்டும். அதன் கம்பியைக் கழற்றி மாற்றலாம். ஒரு பக்கக் கப்பைத் திருப்பி ஒற்றைக் காதில் கேட்கலாம்.

சோனி எம்.டி.ஆர்-7506 1991 முதல் சந்தையில் இருக்கிறது. வானொலி நிலையங்களிலும் படப்பிடிப்புத் தளங்களிலும் இன்றும் அதைக் காணலாம். 63 ஓம், சுருள் கம்பி, மடித்துப் பையில் போடும் அமைப்பு. உயர் ஒலிகளை இது சற்றுத் தூக்கிக் காட்டும். பாட்டுக் கேட்பவருக்கு அது உறுத்தலாக இருக்கலாம். பதிவு செய்பவருக்கோ அதுவே லாபம்: 'ச', 'ஸ' சீறுவதும், உதடு பிரியும் ஓசையும், மூச்சு மைக்கில் அடிப்பதும் பாடும்போதே காதில் படும். குறை அதன் குஷன். செயற்கைத் தோல் சில ஆண்டுகளில் கறுப்புச் செதில்களாக உதிரும். மாற்றுக் குஷன் எளிதில் கிடைக்கும். கம்பி அறுந்தால்தான் தொல்லை, அதைக் கழற்ற முடியாது. இதற்குப் போலிகள் ஏராளம் என்பதால் நம்பகமான விற்பனையாளரிடம் மட்டுமே வாங்க வேண்டும்.

கசிவுதான் முக்கியக் கவலை என்றால் சென்ஹைசர் எச்.டி 280 ப்ரோ. வெளி ஒலியை 32 டெசிபெல் வரை தடுக்கும் என்கிறது நிறுவனம். உள்ளே வருவதைத் தடுக்கும் இறுக்கம் வெளியே போவதையும் தடுக்கும். விலை அந்த இறுக்கம்தான்: ஒரு மணி நேரத்துக்கு மேல் தலையைப் பிடித்து அழுத்துவது போல் இருக்கும். நேர்மாறானது பேயர்டைனமிக் டி.டி 770 ப்ரோ. இதன் வெல்வெட் குஷனோடு நாள் முழுக்க உட்காரலாம். இதற்கு நிறுவனம் தரும் தடுப்பு அளவு சுமார் 18 டெசிபெல். ஒன்று அதிகபட்ச அளவு, மற்றது பொதுவான அளவு என்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. எனினும் 280-தான் இறுக்கமானது என்பதில் ஐயமில்லை. நான்கில் 770-தான் விலை கூடியது. 32, 80, 250 ஓம் என மூன்று வகைகளில் கிடைக்கும் அதில், வீட்டுக்கு ஏற்றது 80 ஓம். சாதாரண இன்டர்ஃபேஸிலோ யூஎஸ்பி மைக்கின் துளையிலோ 250 ஓம் வகையைச் செருகினால் சத்தம் போதாமல் போகலாம்.

நம் ஊர் வீடுகளில் ஆறுதலான குஷன் வெறும் சொகுசு அல்ல. பதிவின்போது மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். ஏசியையும் நிறுத்துவதே நல்லது. செயற்கைத் தோலுக்குள் கால் மணி நேரத்தில் காது வியர்க்கும். மேலும், மூடிய ஹெட்போனின் தடுப்பு குஷன் தோலோடு ஒட்டியிருக்கும்வரைதான். மூக்குக்கண்ணாடியின் காம்பும் காதில் தொங்கும் ஜிமிக்கியும் அந்த ஒட்டுதலைக் கெடுக்கும். ஜிமிக்கி கப்பில் தட்டும் ஓசையும் பதிவாகும்.

கையில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்தான் என்றால், பெயர் தெரியாத பெரிய ஹெட்போனைவிட சிலிக்கோன் முனை வைத்த கம்பி இன்-இயர் நல்ல தேர்வு. முனை காதுத் துளையில் சரியாகப் பொருந்தினால் கசிவு மிகக் குறைவு. கே.இசட்., மூன்ட்ராப் போன்ற நிறுவனங்களின் ஆரம்பநிலை மாடல்கள் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். கைபேசியோடு வந்த, காதை அடைக்காத கடின பிளாஸ்டிக் இயர்போன் இந்த வகையில் சேராது. கம்பி குட்டையாக இருந்தால் நீட்டிப்புக் கம்பியும், இன்டர்ஃபேஸின் பெரிய துளைக்கு 6.3 மி.மீ. அடாப்டரும் வேண்டியிருக்கும். காது அடைபடும்போது சொந்தக் குரல் மண்டைக்குள் 'கும்' என்று கேட்பது இதில் அதிகம். டைரக்ட் மானிட்டரில் குரலைச் சற்று ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடும் பழக்கம் பலருக்கு உண்டு. சுருதி பிசகாமலிருக்க அது உதவும். ஆனால் காதிலிருந்து விலகிய கப் வெறும் ஒலிபெருக்கியாகிவிடும். அதைக் காதுக்குப் பின்னால் தலையோடு அழுத்தி வைக்க வேண்டும். இன்னும் நல்லது, மென்பொருளில் ஒலியை மற்றக் காதுக்கு மட்டும் அனுப்பிவிடுவது.

ஹெட்போன் எதுவானாலும், பதிவுக்கு முன் சோதித்துவிடலாம். வழக்கமான சத்தத்தில் ட்ராக்கை ஓடவிட்டு, ஹெட்போனை அணிந்து, மைக்கின் முன் வாய் மூடி அரை நிமிடம் நின்று பதிவு செய்து, அதை ஏற்றிக் கேட்க வேண்டும். க்ளிக் கேட்டால் வேறு ஹெட்போன் தேடும் முன் சத்தத்தைக் குறைக்கலாம், கூர்மையான மரக்கட்டை ஓசைக்குப் பதில் மழுங்கிய ஓசையை வைக்கலாம், பாட்டின் கடைசி நீட்டலுக்கு முன் க்ளிக்கையே நிறுத்திவிடலாம். பல வீடுகளில் இதுவே போதும்.

இதே ஹெட்போனில் கலவையையும் முடிக்க நினைப்பவர் அடியொலியை நம்பக் கூடாது. விலை குறைந்த மூடிய வகைகளில் அது கூடியோ குறைந்தோ கேட்கும். முடிந்த கலவையைக் கைபேசியிலும் கார் ஸ்பீக்கரிலும் ஒரு முறை போட்டுப் பார்த்த பிறகே வெளியிடலாம்.